பாலத்துக்குக் கீழே ஓர் உப்புக் கிடங்கு

"இந்த நிலவறையைச் செஞ்சவங்களைக் கூப்பிடுங்க. நான் அவங்ககிட்ட நேரா பேசணும்."

இதைச் சொன்னது நான், கம்ப்யூட்டர் கேம் செய்கிற கம்பெனியில் ஒரு டெஸ்டர். மேசைக்கு அந்தப் பக்கம் தயாரிப்புத் தலைவர். எங்களுக்கெல்லாம் மேடம். எனக்குப் பக்கத்தில் எங்கள் லீட். எக்செல் கட்டத்தில் ஏறாத எதுவும் இந்த உலகத்தில் நடக்கவே இல்லை என்று நம்புகிறவர், அதனால் அவருக்குக் கட்டம் என்றே பெயர் வந்துவிட்டது. அவருக்கும் அது தெரியும். பெருமை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, முதல் நாளே உனக்கு என்ன சொன்னேன்?" என்றார்.

சொன்னார்தான். நாற்காலியின் உயரத்தை நான் சரிசெய்துகொள்வதற்கு முன்பே சொன்னார். டெஸ்டர் வேலை என்பது கேமில் உடைந்து கிடப்பதைக் கண்டுபிடித்துக் கட்டத்தில் எழுதுவது. அவர் படித்துப் பார்த்து, சரி என்று பட்டால் மாடியில் இருக்கும் டிசைனர்களுக்கு அனுப்புவார். டெஸ்டர் நேராகப் போய் டிசைனர் முன்னால் நிற்கக் கூடாது. "அவங்கல்லாம் கலைஞர்கள். நீ போய் நின்னா மூடு கெட்டுடும்." பதினான்கு மாதங்களாக என்னால் ஒருவருடைய மூடும் கெட்டதில்லை.

அன்று காலையில்கூட லிஃப்ட் பக்கத்தில் நிறுத்தி வைத்துச் சொல்லியிருந்தார். "உன் பர்மனன்ட் ஆர்டர் மேடம் ஃபைல்ல இருக்கு. கையெழுத்துதான் பாக்கி. மீட்டிங்ல நான் பேசறேன், நீ வாயைத் திறக்காதே." அந்த ஃபைல் இப்போது மேசைமேல் இருந்தது. என் ஆர்டரின் ஒரு முனை வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்திருந்தேன்.

திங்கட்கிழமை எனக்குக் கொடுத்த வேலை, ஒரு சுவரில் போய் இடிப்பது.

நாங்கள் உருவாக்கும் கேமில் நாயகி ஓர் அஞ்சல்காரி. ஆற்றங்கரைக் கிராமத்திலிருந்து அரசருக்கு ஒரு கடிதம் கொண்டு போகிறாள். கிராமத்து எல்லையில் ஒரு பாலம். அதைத் தாண்டியதும் பின்னால் பாலம் இடிந்து விழும், இனி திரும்பி வர வழியில்லை, கதை ஆரம்பம். அந்தப் பாலத்துக்குக் கீழே ஒரு நிலவறை இருந்தது. பழைய உப்புக் கிடங்கு. போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, கதை தடைபடாது. அதை எடுத்துவிட்டார்கள்.

"வாசல் இருந்த இடத்துல சுவர் வெச்சிருக்காங்க," என்றார் கட்டம். "நாலு பக்கமும் இடிச்சுப் பாரு. உள்ள போக முடியலைன்னா டிக் போடு. வெள்ளிக்கிழமை புதுப் பதிப்பு போகணும்."

"ஏன் சார் எடுத்துட்டாங்க?"

"யாரும் போகல. வெளியாளுங்க நானூத்திப் பன்னெண்டு பேரை உக்கார வெச்சு மூணு மூணு நாள் விளையாட விட்டோம்ல? அதுல போனது ஒன்பது பேர். ஒன்பது! அதுக்கு எவ்வளவு இடம் அடைச்சுக்கிட்டு இருக்கு தெரியுமா?"

சுவரில் இடித்தேன். சுவர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு சுவர் எதை அடைத்து நிற்கிறது என்று தெரியாமல் அது சரியாக இருக்கிறது என்று டிக் போட எனக்குக் கை வரவில்லை. என் சுபாவம் அப்படி. போன வாரத்துப் பழைய பதிப்பைத் திறந்தேன். முதலிலிருந்து ஆரம்பித்தேன். சிரிக்காதீர்கள், எங்கள் ஆபீஸில் யாரும் கேமை முதலிலிருந்து விளையாடுவதே இல்லை. எந்த இடத்தைச் சோதிக்க வேண்டுமோ அதற்கு முன்னால் ஆட்டத்தை நிறுத்திச் சேமித்த ஒரு சேவ் ஃபைல் இருக்கும், அதில் குதித்து வேலையை முடித்துவிட்டு எழுந்து போவோம். சாப்பாட்டு மேசையில் நேராகப் பாயசத்துக்கு வந்து உட்காருகிறவர்கள் நாங்கள்.

அஞ்சல்காரி எழுந்தாள். நடக்கக் கற்றாள், குதிக்கக் கற்றாள், விளக்கேற்றக் கற்றாள். "விளக்கை அணைய விடாதே" என்று கிராமத் தலைவர் மூன்று முறை சொன்னார். பாலத்துக் காவலாளி "சீக்கிரம் போ, அரசர் காத்திருக்கிறார்" என்று துரத்தினான். நான் நின்றேன். பாலத்துக்கு இடப்பக்கம் மீன் கூடைகள் அடுக்கியிருந்தன. அவற்றுக்குப் பின்னாலிருந்து கல்லின்மேல் வெள்ளையாக ஏதோ சிந்தியிருந்தது. பெயர்ப்பலகை இல்லை, அம்புக்குறி இல்லை. வெள்ளைக் காலடித் தடங்கள் மட்டும் கீழே இறங்கிப் போயின.

முதல் அறையில் எதிரி யாரும் இல்லை. கூரை வரை மூட்டைகள். சில கிழிந்து உப்பு கொட்டிக் கிடந்தது. அதன்மேல் கால் வைத்ததும் சத்தம் மாறியது. நொறுக் நொறுக் என்று, பல்லுக்கிடையில் உப்புக்கல் சிக்கியதைப் போல. யாரோ ஒருவர் நிஜமாகவே தட்டில் கல்லுப்பைப் பரப்பி, செருப்பால் மிதித்து, அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். வேலை வெட்டி இல்லாதவர் செய்கிற காரியம் இல்லை இது. வேலையில் வெறி பிடித்தவர் செய்வது.

இரண்டாவது அறையில் செத்தேன்.

மூட்டைகளில் பாதி மூட்டைகளே இல்லை. நண்டுகள். வெள்ளை வெளேரென்று, ஒவ்வொன்றும் கட்டில் அளவு. கத்தியால் வெட்டினால் பொறி பறந்ததே தவிர ஓட்டில் கீறல்கூட விழவில்லை. மூன்று தடவை என்னைப் பிய்த்துப் போட்டன. நான்காவது தடவை ஓடும்போது கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் விழுந்து விளக்கு அணைந்துவிட்டது. தொலைந்தேன் என்று நினைத்தேன். நண்டுகள் அப்படியே நின்றன. விளக்கை ஏற்றினேன், பாய்ந்தன. அணைத்தேன், நின்றன.

பழக்க தோஷத்தில் எக்செல் கட்டத்தைத் திறந்து எழுதத் தொடங்கினேன்: "விளக்கு அணைந்ததும் நண்டுகள் செயலிழக்கின்றன. பிழை." எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிழை இல்லை. கிராமத் தலைவர் மூன்று முறை சொன்னாரே, அந்தப் பாடத்தை அழிப்பதற்காகவே கட்டிய அறை இது. எழுதியதை அழித்தேன். விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனை இழுத்து மாட்டிக்கொண்டு, வலது காதில் தண்ணீர் சொட்டும் பக்கமாக நடந்தேன். இடது காதில் நண்டுக் கால்கள் தரையைச் சுரண்டின. திரை முழுக்க இருட்டு. ஆபீஸில் பட்டப்பகல் பதினோரு மணிக்கு என் உள்ளங்கை வேர்த்திருந்தது.

மூன்றாவது அறையில் ஒரு குளம். அடியில் ஒரு மரப் பீப்பாய் கிடந்தது. மேலே எட்டாத உயரத்தில் ஒரு கதவு. பக்கத்தில் உப்பு மூட்டைகள். கத்தியால் சுவரைக் குத்தினேன், குதித்தேன், முட்டாள்தனமாக அரை டஜன் வேலை செய்தேன். பிறகு எரிச்சலில் ஒரு மூட்டையைத் தண்ணீரில் உதைத்துத் தள்ளினேன். பீப்பாய் லேசாக ஆடியது. இன்னொன்று. இன்னொன்று. ஐந்தாவது மூட்டை கரைந்ததும் பீப்பாய் மெல்ல எழும்பி மேலே வந்தது. உப்புத் தண்ணீரில் பொருள் மிதக்கும். ஏழாம் வகுப்பில் முட்டையை வைத்துக் காட்டினார்கள், மார்க் வாங்கியதோடு மறந்துவிட்டேன். நான் சத்தமாகச் சிரித்ததில் இரண்டு நாற்காலிகள் திரும்பின.

கடைசி அறையில் கிடங்குக் காவலன். கதவு அகலம். கண்களில் உப்பு படிந்து மூடிப்போயிருந்தது, பார்வை கிடையாது. இங்கே விளக்கால் பயனில்லை, சத்தம்தான் ஆபத்து. மெதுவாக நடக்க ஒரு பொத்தான் இருப்பதே பதினான்கு மாதத்தில் அன்றுதான் தெரிந்தது. அவன் மூச்சு என் முகத்தில் படுகிற தூரத்தில் கடந்து போனேன். அவனை வெல்ல வேண்டியதில்லை. எழுப்பாமல் இருந்தால் போதும். அவன் தலைக்கு மேல் ஆணியில் மாட்டியிருந்தது வாளும் இல்லை, கேடயமும் இல்லை. விளக்குக்கு ஒரு தகர மூடி. அணைக்காமலே விளக்கை மறைக்கலாம், நொடியில் திறக்கலாம்.

தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் இந்தக் கேமின் ஐந்தாவது நிலையில் இருள் மாளிகை என்று ஒன்று இருக்கிறது. அதில் எதிரி வீரர்கள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் பாய்வார்கள். விளையாடியவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் அங்கேதான் கேமை மூடிவிட்டுப் போனார்கள். "மிகக் கடினம்" என்று நானே முப்பத்தொரு தடவை கட்டத்தில் எழுதியிருக்கிறேன். மாதாமாதம் அந்த வீரர்களின் பலத்தைக் குறைத்துக் குறைத்து, இப்போது அவர்கள் ஊதினால் விழுகிற நிலைக்கு வந்திருந்தார்கள். அப்போதும் அநேகமாக யாரும் தாண்டவில்லை. அங்கே தேவையானது பலம் இல்லை. விளக்கை மூட வேண்டும் என்ற ஒரே ஓர் அறிவு. அதைச் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்துக்குத்தான் சுவர் வைத்துவிட்டார்கள்.

அப்படிப்பட்ட இடத்துக்கு ஏன் யாரும் போகவில்லை? நானூற்றுப் பன்னிரண்டு பேரின் பட்டியலை எடுத்தேன். மூன்றாவது பத்தியில் 'தொடங்கிய இடம்' என்று இருந்தது. ஒன்பது வரிகளைத் தவிர, மேலிருந்து கீழே வரை ஒரே சொல்: பாலம்-2. பாலம்-2. பாலம்-2. அந்தச் சேவ் ஃபைலை உருவாக்கியவர் யார் என்று பார்த்தேன். என் லாகின்.

எட்டு மாதத்துக்கு முன்னால் கட்டம் கேட்டது அப்படியே நினைவுக்கு வந்தது. "வர்றவங்களுக்கு மூணு நாள்தான். நடக்கக் கத்துக்குடுக்கறதுலயே ஒரு மணி நேரம் போயிடும். பாலம் தாண்டி நிக்கற மாதிரி ஒரு சேவ் பண்ணிக் குடு." பண்ணிக் கொடுத்தேன். மீன் கூடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடி, பாலத்தைத் தாண்டி, பின்னால் அது இடிந்து விழுந்த பிறகு சேவ் செய்தேன். நானூற்று மூன்று பேரை இடிந்த பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இவர்கள் ஏன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் வரவில்லை என்று எண்ணியிருக்கிறோம். வீட்டை வெளியே பூட்டிவிட்டு விருந்தாளி வரவில்லையே என்று குறைப்படுவதைப் போல.

அந்த ஒன்பது பேர்? சொன்ன பேச்சைக் கேட்காமல், கொடுத்த ஃபைலைத் தள்ளிவிட்டுப் புது ஆட்டம் தொடங்கியவர்கள். ஒன்பது பேரும் கிடங்கை முடித்திருந்தார்கள். அதில் எட்டுப் பேர் இருள் மாளிகையையும் தாண்டியிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அப்பா டைல்ஸ் ஒட்டுகிறவர். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"அதுக்கு நீ என்ன பண்ணணும்?"

"என்னாலதான் தப்பா போச்சுன்னு சொல்லணும்."

"யாராவது உன்னைக் கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு நீயா போய்த் தலையைக் குடுக்கற? ஆர்டர் கைக்கு வரட்டும். அப்புறம் எதை வேணா பேசு."

"வெள்ளிக்கிழமையோட அதை மூடிடுவாங்கப்பா."

"மூடட்டுமே. உன் அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வெச்சிருக்கா, பொண்ணுக்கு வேலை நிரந்தரம் ஆகப்போகுதுன்னு. பேங்க்காரன்கூட என்னை உக்காருன்னு சொல்றான்." கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "படிச்ச பொண்ணு. கேக்காம எதையும் பேசாதே, குடுக்காம எதையும் கேக்காதே."

படிக்க வைத்ததே கேட்பதற்குத்தான் என்று திருப்பிச் சொன்னேன். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

வெறும் ஒன்பது பேரை வைத்துக்கொண்டு கட்டத்திடம் பேச முடியாது. புதன்கிழமை மதியம் ஆபீஸ் வேன் டிரைவர் அண்ணனைப் பிடித்தேன். காலையில் எங்களை இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை சும்மா இருப்பவர். செல்போனில் சீட்டு விளையாடுவதைத் தவிர வேறு விளையாட்டு அறியாதவர்.

"நான் வேன் ஓட்டறவன்மா. என்னைப் போய் குதிரை ஓட்டச் சொல்றியே."

"குதிரையெல்லாம் இல்லண்ணே. நண்டுதான்."

"நண்டா? சமைக்கலாமா?"

"முடிஞ்சா சமைங்க."

ஐந்து தடவை செத்தார். நான் ஒரு வார்த்தை உதவவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். ஆறாவது தடவை நண்டைத் திட்டிக்கொண்டே விளக்கை அவரே அணைத்தார். "ஹெட்லைட்டைப் பார்த்துதான்மா பூச்சி வந்து மோதும். இது தெரியாதா எனக்கு?" தகர மூடி கிடைத்ததும் அவரை நேராக ஐந்தாவது நிலைக்குக் குதிக்கவைத்தேன். மாலை நான்கு மணிக்கு இருள் மாளிகையைத் தாண்டினார், அதுவும் பலம் குறைக்காத பழைய வீரர்களோடு. ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்து, "இதுக்காம்மா பொழுதன்னிக்கும் கஷ்டம் கஷ்டம்னு வேன்ல புலம்பறீங்க?" என்று கேட்டார்.

இதையெல்லாம் எட்டுப் பக்கம் எழுதி எடுத்துக்கொண்டுதான் வியாழக்கிழமை அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன்.

மேடம் நான் எழுதியதைப் புரட்டிவிட்டு, போனை எடுத்து டிசைனரைக் கூப்பிட்டார். வந்தது ஒரு பெண். முப்பது வயதிருக்கும், பென்சிலைச் செருகிக் கொண்டை போட்டிருந்தாள். யாரையும் பார்க்காமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள், ஏற்கெனவே எல்லாம் முடிந்துபோன ஒருத்தியைப் போல.

"உப்புக் கிடங்கு விஷயமா இவ உங்ககிட்ட பேசணுமாம்," என்றார் மேடம்.

அவள் நிமிர்ந்தாள். "நீங்க உள்ள போனீங்களா?"

"போனேன்."

"நண்டு எத்தனை தடவை கொன்னுச்சு?"

"மூணு."

"பரவால்லையே! நான் அஞ்சுன்னு கணக்குப் போட்டேன். பீப்பாய்?"

"அஞ்சு மூட்டை. முதல் மூட்டை கோபத்துல உதைச்சது."

"அதான் வேணும், அதான் வேணும்." நாற்காலியை முழுதாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். "காவலனை எழுப்பிட்டீங்களா?"

"எழுப்பவே இல்ல. அந்த உப்புச் சத்தம், நிஜ உப்பா?"

"எங்க அம்மா வெச்சிருந்த ரெண்டு கிலோவையும் மிதிச்சேன். இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டறாங்க."

"கொஞ்சம் விஷயத்துக்கு வர்றீங்களா?" என்றார் கட்டம்.

விஷயத்துக்கு வந்தோம். தகர மூடியில்லாமல் மாளிகையைக் கட்டவே இல்லை என்று அவள் சொன்னாள். இதைச் சொல்ல மூன்று முறை வந்ததாகவும், ஒவ்வொரு முறையும் இரண்டு சதவீதம் என்ற எண்ணைக் காட்டித் தன்னைத் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் சொன்னாள். நான் மூன்றாவது பத்தியைத் திறந்து காட்டினேன். மேடம் பாலம்-2 என்ற சொல்லை வெகு நேரம் பார்த்தார். புத்திசாலி, ஒரு தடவைக்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"சுவரை எடுத்துடுங்க," என்றார். "கிடங்கு இருக்கட்டும்."

டிசைனர் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, ஓடாத குறையாக வெளியே போனாள். அத்தோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

"இப்ப பிரச்சினை என்னன்னா," என்று மேடம் தொடங்கினார், "நமக்குப் பணம் போடற நிறுவனத்துக்கு இந்த எண்ணிக்கையைக் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டோம். எப்படித் தப்பாச்சுன்னு எழுதிக் குடுக்கணும்."

கட்டம் தொண்டையைச் செருமினார். "இவ பக்கத்து சீட்ல ஒரு பொண்ணு இருந்தா, மேடம். ஒப்பந்தம் முடிஞ்சு போன மாசம் போயிட்டா. ஃபைலை ஒவ்வொரு மெஷின்லயும் போட்டது அவதான். சோதனை ஏற்பாட்டில் தவறு, செய்தவர் இப்போது பணியில் இல்லைன்னு எழுதிட்டா யாருக்கும் ஒண்ணும் இல்ல."

"அவ வேலை தேடிட்டு இருக்கா, சார்," என்றேன். "நாளைக்கு எவனாவது இங்க போன் பண்ணி விசாரிச்சா?"

"அதெல்லாம் யாரும் பண்ண மாட்டாங்கம்மா."

"ஃபைல் பண்ணினது நான். பண்ணச் சொன்னது நீங்க. அவ போடச் சொன்னதைப் போட்டா."

கட்டத்தின் முகம் சுருங்கியது. மேடம் ஃபைலைத் திறந்து என் ஆர்டரை வெளியே எடுத்து, மேசைமேல் எனக்கு நேராகத் திருப்பி வைத்தார். மிரட்டுகிற குரல் இல்லை, நிஜமாகவே எனக்கு நல்லது செய்கிற குரல். "நீ திறமைசாலி. இன்னிக்கு நீ பண்ணினது இந்த ஆபீஸ்ல யாரும் பண்ணாதது. இதுல நான் இப்பவே கையெழுத்துப் போடறேன். ஆனா அந்த அறிக்கையில உன் பேர் வந்தா போட முடியாது. இவ்வளவு பெரிய தப்புல பேர் இருக்கறவங்களை நிரந்தரம் பண்ண முடியாதுன்னு விதி. மதியம் வரைக்கும் யோசிச்சுட்டு வா."

ஆர்டரைப் படித்தேன். என் பெயர் பிழையில்லாமல் இருந்தது. அப்பா இதை லேமினேட் செய்து மாட்ட ஆணிகூட அடித்து வைத்திருப்பார். வீட்டில் நடக்கப்போகிற சண்டை வரிக்கு வரி எனக்குத் தெரியும். அதில் என் பதில்களும் தெரியும்.

கிடங்கைக் காப்பாற்றியாகிவிட்டது. மாளிகையைத் தாண்டப்போகிறவர்கள் தாண்டுவார்கள். மிச்சம் இருந்தது ஒரு வரி மட்டும்தான், அதில் யார் பெயர் என்பது மட்டும்தான்.

காகிதத்தைத் திருப்பி மேடம் பக்கம் நகர்த்தினேன். "மதியம் வரைக்கும் வேண்டாம், மேடம். அறிக்கையை நானே எழுதறேன். உங்களுக்கு, சாருக்கு, மாடிக்கு, எல்லாருக்கும் ஒரே நேரத்துல வரும்."

"உக்காரும்மா," என்றார் கட்டம். முதல் தடவையாக அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. "அவசரப்படாதே. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நான் அவசரப்படவில்லை. என் எட்டுப் பக்கங்களை அடுக்கி எடுத்துக்கொண்டேன், நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டேன், கதவைத் திறந்து வெளியே வந்தேன். என் இருக்கை நாற்பதடி தூரம். இருபதாவது அடியிலேயே மனதுக்குள் முதல் வரி முடிந்துவிட்டது: பாலம்-2 என்ற கோப்பை உருவாக்கியது நான்.